மைக்கில் கூப்பிட்ட பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி, பட்டறைக்குப் போகாதீர்கள் என்றால் என்னைத்தான் முறைக்கிறார், அந்த மனுஷனை விடு. நான் எழுத உட்கார்ந்தது உன் தங்கை சின்னவளைப் பற்றி.

அவளுடைய தோழி, தையல்காரர் மகள், உன் பழைய சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு திரிவாளே அந்த வாயாடி, போய்விட்டாள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வருஷம் பள்ளியில் மனநல வகுப்பு என்று வாரம் ஒரு பீரியட் நடந்தது, பிள்ளைகள் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து கோபம் வந்தால் என்ன செய்வது, மனசு சரியில்லாவிட்டால் யாரிடம் சொல்வது என்றெல்லாம் பேசுவார்கள், சின்னவள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கே பாடம் எடுப்பாள். இந்த வருஷம் புதிதாக வந்த தலைமையாசிரியர், எல்லாருக்கும் எதுக்கு, தேவைப்படுற பசங்க மட்டும் கவுன்சிலிங் போனா போதும் என்று அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார். தேவைப்படுகிற பிள்ளையை எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா, மைக்கில்! பெயரும் வகுப்பும் சொல்லி, கவுன்சிலிங் ரூமுக்கு வரவும் என்று பள்ளி முழுக்கக் கேட்கும்படி. இந்தப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்ததாம், லூசு என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று. அப்புறம் அவள் அந்த ரூம் பக்கமே போகவில்லை. பாவிகள், ஒரு ஆள் வந்து காதோடு சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது அவளுடைய தோழிகளையும் அங்கே அனுப்பப் போகிறார்களாம், அதற்கும் மைக்தான். நான் தலைமையாசிரியரிடம் போய்ச் சண்டை போட்டேன், பழையபடி எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பு வையுங்கள் என்று கத்தினேன், பரீட்சை வருதேம்மா என்கிறார். தையல்காரரும் என் பக்கத்தில் நின்றார்.

சின்னவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, நான் அவளைத் தனியாக விடுவதில்லை. பள்ளியில் கவுன்சிலிங் கொடுக்கிற பெண் நல்லவள், வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நேற்றுத் தலை பின்னிவிடும்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள். அவ பேரைக் கூப்பிட்டப்ப நானும் சிரிச்சேன்மா என்றாள். நான் பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினேன்.

கடிதம் கிடைத்த கையோடு அவளுக்குப் போன் பண்ணு. படிப்பைப் பற்றிக் கேட்காதே, உன் தப்பில்லை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே, முதலில் அவளைப் பேசவிடு. அழுதால் அழட்டும், நீ போனை வைத்துவிடாதே.

நீங்கள் நன்றாயிருக்க வேண்டும், நான் பெற்ற இரண்டும் எனக்குக் கொள்ளி வைக்க உயிரோடு இருக்க வேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உன் அம்மா