ஈரத்தில் பரப்பிய மண்

ஜூன் 3

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அண்ணனுக்குப் புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாம். அதிகம் போனால் இரண்டு மாதம்.

வெளியே பெஞ்சில் அண்ணன் என் முகத்தையே பார்த்தார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் நிலத்தை எப்போ தருவீங்க, மண்டாக்டர்?"

சுரங்க அலுவலகத்தில் மண் பரிசோதகராகச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு நான் மண்டாக்டர்தான். பதினாலு வருஷத்துக்கு முன் சுரங்கம் அவர் நிலத்தை எடுத்தபோது மேல்மண்ணைச் சீவித் தனியாகக் குவித்தோம். தோண்டி முடித்துக் குழியை மூடியபின், அதே மண்ணை மேலே பரப்பித் திருப்பித் தருவதாகப் பேச்சு. "பத்திரமா பார்த்துக்கறேண்ணா" என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

ஜூன் 5

குவியலின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புளிப்பு இல்லை, உப்பு இல்லை, மட்கு வேண்டிய அளவு. ஒரு மண்வெட்டி மண்ணில் ஏழு மண்புழு! உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண் செத்துவிடும் என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன். ஆள் உயரத்துக்கு மேல் ஏற விடவில்லை. மேலே புல் விதைத்து வைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான்.

போனில் அண்ணனிடம் சொன்னேன். "புழு எண்ணவா உனக்குச் சம்பளம்?" என்று சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

ஜூன் 12

மழை.

ஜூன் 15

மழை. அண்ணனுக்குத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை என்கிறாள் அண்ணி.

ஜூன் 18

மழை விட்டு இரண்டு நாள். மூடிய குழியின் மேல் மண் பரப்ப எல்லாம் தயார். புல்டோசர் ஓட்டுநர் குவியலில் ஒரு பிடி எடுத்து அமுக்கிக் கையை விரித்தார். உருண்டை அப்படியே நின்றது. கட்டைவிரலால் அழுத்தினார். உதிரவில்லை, குழிதான் விழுந்தது.

"ரொம்ப ஈரம் மேடம். இப்போ ஓட்டினா சிமெண்ட் மாதிரி இறுகிடும். ரெண்டு மூணு வாரம் காயட்டும். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரியாதா? ஆனால் இரண்டு மூன்று வாரம் — யாரிடம் போய்க் கடன் கேட்பது?

"ஓட்டுங்க" என்றேன்.

அவர் அந்த உருண்டையை என் கையில் வைத்தார். பிறகு வண்டியில் ஏறினார்.

ஜூன் 20

பரப்பியாயிற்று. நானே பயறு விதைத்தேன். நிலம் விவசாயத்துக்குத் தகுதி என்று சான்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 9

அண்ணனை அழைத்துப் போனேன். காரிலிருந்து இறங்கவே பத்து நிமிஷம். நிலம் முழுக்கப் பச்சை. "பாருங்கண்ணா, உங்க மண்ணு" என்றேன். கைத்தடியை மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கு. வீட்டுக்குப் போலாமா?"

அவ்வளவுதானா? பதினாலு வருஷம் காத்திருந்தவருக்கு அவ்வளவுதானா? வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். எனக்கு உள்ளூரக் கோபம்.

ஜூலை 27

அண்ணன் போய்விட்டார்.

ஆகஸ்ட் 16

பயறு முழங்கால் உயரம்கூட வரவில்லை, இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நேற்றைய தூறலுக்கே தண்ணீர் மேலே தேங்கி நிற்கிறது. குழி வெட்டிப் பார்த்தேன். மண்வெட்டி தெறித்தது. ஒரு சாண் ஆழத்தில் வேர்கள் எல்லாம் மடங்கிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. ஒன்றுகூடக் கீழே போகவில்லை.

அளவு வளையத்தை அடித்து இறக்கி, அதில் நிறைந்த மண்ணை உலர்த்தி எடை போட்டேன். கன சென்டிமீட்டருக்கு 1.78 கிராம். குவியலில் 1.3தான் இருந்தது; அவ்வளவு இறுகிவிட்டது. அதே மண்தான். மட்கும் அதே அளவுதான். பதினாலு வருஷம் கண்ணுக்குள் வைத்துக் காத்ததை ரெண்டே நாளில் நானே மிதிச்சுக் கொன்னுட்டேன்.

ஆகஸ்ட் 19

சான்றைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். "போன மாசம் பச்சையாத்தானே இருந்துச்சு?" என்றார் மேலாளர்.

நேராக அண்ணி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் கைத்தடியை எடுத்து வந்தாள். அதன் நுனியில் காய்ந்த மண். இரண்டு விரல் உயரம்தான்.

"அன்னிக்கு வந்ததுமே சொன்னார். 'தடி இறங்கல. ஈரத்துல ஓட்டிட்டா. எனக்காக அவசரப்பட்டிருக்கா, பைத்தியம். நான் இருக்கிற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதே'ன்னார்."

தெரிந்துதான் நல்லா இருக்கு என்றாரா? தெரிஞ்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சிருந்தாரா? நான் முறைச்சுக்கிட்டு வந்தேனே அண்ணா.

அண்ணி என்னை அழ விட்டாள். பிறகு, "சரி பண்ண முடியுமா?" என்றாள்.

"காயணும் அண்ணி. காஞ்சப்புறம் ஆழமாக் கிழிக்கணும். வேர் ஆழமாப் போற புல்லு போட்டு மூணு வருஷம் விடணும்."

"காயட்டும். யாருக்கு இப்போ அவசரம்?"

அதைக் கேட்டுத்தான் மறுபடியும் அழுதேன்.

மார்ச் 2

டோசரின் பின்னால் நீளமான இரும்புப் பற்களை மாட்டியிருந்தார்கள். ஓட்டுநர் ஏறும்முன் நானே ஒரு பிடி மண் எடுத்து அமுக்கி அவரிடம் நீட்டினேன். தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. "இப்போ ஓட்டலாம் மேடம்" என்றார். மாலைவரை கிழித்தோம்.

எல்லாரும் போனபின் அண்ணனின் கைத்தடியை ஊன்றிப் பார்த்தேன். அங்கிருந்தே அண்ணிக்குப் போன் செய்தேன்.

"எவ்வளவு இறங்குச்சு?"

"முழங்கை அளவு."



"தடியைக் கழுவாம கொண்டு வா" என்றாள்.