ஊனா அன்ரியின் சொந்தக் குரல்

என் ஊனா அன்ரிக்கு,

லண்டனில், மிச்சம் என்ற ஊரில் உள்ள உங்கள் வீட்டு மேல்மாடியிலிருந்து வதனி எழுதுவது. பழக்கதோஷத்தில் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு சிரிக்க முடியவில்லை. இதென்ன எல்லாத் தாளிலும் கிறுக்குகிறாய் என்று ஒருநாள் கேட்டீர்கள். இந்த எழுத்தை நாங்கள் பள்ளியில் 'உனா' என்போம், கிட்டத்தட்ட உங்கள் பெயர்தான் என்றேன். அதற்குப் பிறகு பால்காரனுக்கு வைக்கும் துண்டிலும் 'உ' என்றே கையெழுத்துப் போட்டீர்கள். அவன் அதை என்னவென்று நினைத்தானோ!

உங்களுக்கு அந்த ஒரு எழுத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத மொழியில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், அது வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல வந்தது. இங்குள்ள தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு இதை அனுப்பப் போகிறேன். நீங்கள் என்னோடு பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் நினைக்கும்போது எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது. மன்னியுங்கள் அன்ரி, நானும் உங்களுக்கு வேறு குரல்தான் போடுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. போன சனிக்கிழமை ஒரு பத்திரிகை உங்கள் படத்தின் டிவிடியை இலவசமாகக் கொடுத்தது, இராணுவக் கேர்ணல் ஒருவரின் மகளாக நீங்கள் நடித்த படம். உறையில் உங்கள் முகம், மழித்து வரைந்த அந்தப் புருவங்களோடு. கடையில் அதை எடுத்தவர்கள் கிரிக்கெட் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து போட்டேன். படியிறங்கி வருகிறீர்கள், கையுறையைக் கழற்றுகிறீர்கள், வாயைத் திறக்கிறீர்கள். உங்களுக்குப் பதிலாக அவள் பேசினாள். நான் நிறுத்திவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று சொல்லவேண்டும். சுவரொட்டிகளில் இருந்த பெயர் வெரா ஹாலோ. அது கம்பனி வைத்த பெயர். உங்கள் அப்பா அயர்லாந்தின் மேற்குக் கரையில் மீன் உப்பிட்டு விற்றவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நீங்கள் லண்டனுக்கு வந்து ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடித்தீர்கள். தேவாலய மண்டபத்தில் உங்கள் ஊர்ச் சனம் போட்ட நாடகத்தில் நடித்தபோது ஒரு படக்கம்பனிக்காரர் கண்டுவிட்டார். பிறகு பல்லைச் சீர்செய்தார்கள். புருவத்தை எடுத்தார்கள். பேச்சைத் திருத்த ஒரு பெண்மணியை வைத்தார்கள். பற்களுக்கிடையில் தக்கையைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்காய் வாசிக்க வைத்தாராமே.

நீங்கள் கதாநாயகியாக நடித்த முதல் படம் வெளியானபோது, ஊரிலிருந்து உங்கள் அம்மாவைக் கூப்பிட்டிருந்தீர்கள். அவர் அதற்குமுன் கப்பல் ஏறியதில்லை. கம்பனி இரவல் கொடுத்த உடுப்போடு நீங்களும், பூசைக்குப் போகும் கறுப்புக் கோட்டோடு அவரும் முன் வரிசையில் இருந்தீர்கள். திரையில் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். வேறொரு பெண்ணின் குரல் வந்தது. படம் எடுத்து முடிந்தபின் முதலாளி கேட்டுப்பார்த்து, கேர்ணலின் மகள் மீன்காரிபோலப் பேசுகிறாள் என்று சொல்லி, உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் முழுவதையும் மாற்றிவிட்டிருந்தார். உங்கள் அம்மா இருட்டில் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்டாராம்:

"பிள்ளை, உன்ர தொண்டைக்கு என்ன நடந்தது?"

இதை எனக்குச் சொன்ன அன்று நீங்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தீர்கள். கத்தி நிற்கவேயில்லை.

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ, அன்ரி?"

"ஆரிட்டைக் கேக்கிறது? ஒப்பந்தத்தில கையெழுத்து வச்சாச்சு. சுத்திவர ஆக்கள் எழும்பி நிண்டு கைதட்டினம். நானும் எழும்பிச் சிரிச்சன்."

அதற்குப் பிறகு வந்த படங்களிலெல்லாம் அவள்தான் உங்களுக்குக் குரல் கொடுத்தாள். நீங்கள் அவளை ஒருநாளும் காணவில்லை. தேநீர்க்கடையில் யாராவது அடையாளம் கண்டு கையெழுத்துக் கேட்டால், வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவீர்களாம். பேசினால் ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம்.

ஒரேயொரு படம் மட்டும் வேறு. வேறொரு சின்னக் கம்பனி உங்கள் கம்பனியிடம் உங்களை இரவலாய்க் கேட்டு வாங்கி, உங்கள் கரைக்கே கூட்டிக்கொண்டு போனது. கடலில் கணவனைப் பறிகொடுத்தவள் வேடம். அதில் நீங்கள் நீங்களாகவே பேசினீர்கள். கடைசிக் காட்சியில், வெறும் படகோடு திரும்பிவந்த ஆண்களைப் பார்த்து உங்கள் ஐரிஷ் மொழியில் இரண்டு வரி. எழுதிக் கொடுத்த வசனத்தில் இல்லாத வரிகள். அங்கே நின்றபோது தானாக வந்ததாம்.

"என்ன வரி, அன்ரி?"

"படம் அம்பிட்டால் கேப்பாய்தானே."

அந்தக் கம்பனி முறிந்துபோயிற்று. படம் எங்கோ சில நாள் ஓடியதோடு காணாமல் போனது. உங்களுக்கும் வாய்ப்புகள் குறைந்தன. ஒப்பந்தம் முடிந்ததும், நீங்கள் ஒரு ஆஸ்பத்திரியின் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். பஸ் ஓட்டுநர் ஒருவரைக் கட்டினீர்கள். இந்த வீட்டை இருவருமாய் வாங்கினீர்கள். பிள்ளைகள் இல்லை. அவர் போனபின் மேல்மாடியை வாடகைக்கு விட்டீர்கள். கடைசியாய் வந்தது நான்.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்ற அந்தக் காலை நினைவிருக்கிறதா? எனக்கு அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. காய்ச்சலோடு புறப்பட்ட என்னை நீங்கள் தனியே விடவில்லை. அந்த உயரமான கட்டடத்துக்கு வெளியே மழையில் சனம் வளைந்து வளைந்து நின்றது. நீங்கள் மிருக மென்மயிரில் கழுத்துப்பட்டி வைத்த பழைய கோட்டைப் போட்டிருந்தீர்கள், உதட்டுச் சாயம்கூட. நேரே காவலாளியிடம் போனீர்கள். உங்கள் வாயிலிருந்து கேர்ணலின் மகள் பேசினாள்.

"இந்தப் பெண்ணுக்கு உடல்நிலை சரியில்லை. உள்ளே அமர ஓர் இடம் கொடுங்கள்."

அவன் "யெஸ், மேடம்" என்று கதவைத் திறந்துவிட்டான். உள்ளே இருந்ததும் என் காதுக்குள் உங்கள் சொந்தக் குரலில் சொன்னீர்கள்:

"பாத்தியே பிள்ளை, அந்தச் சனியனும் ஒருநாள் உதவிச்சுது. என்ர வாயால அவள் பேசினாள். பிறகு நான் அவளைப்போலப் பேசப் பழகினன். ஆத்திரத்திலதான்."

அன்றைக்கு நான் எவ்வளவோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். வழக்கு முடிந்து, நான் இந்த நாட்டில் இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தபோது, நீங்கள்தான் எனக்கு முன்னால் அழுதீர்கள். உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றீர்கள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னீர்கள்:

"அந்தக் கடல் படம் எங்கையெண்டாலும் இருந்தால், என்ர குரலை ஒருக்கால் கேக்கவேணும். நான் எப்பிடிப் பேசினனான் எண்டு எனக்கே மறந்துபோச்சு."

அப்போது நான் தமிழ்க் கடையொன்றில் கல்லாவில் நின்றேன். அங்கே வாராவாரம் இட்லி மா வாங்க வரும் சுந்தர், சென்னைக்காரர். பழைய படங்களைச் சேர்த்துக் காக்கும் ஓர் இடத்தில் கணினிப் பிரிவில் வேலை. அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். படத்தின் பெயரையும் ஆண்டையும் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டார்.

பதில் வருமுன் உங்களுக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. சமையலறைத் தரையில் கிடந்தீர்கள். கண் என்னை அடையாளம் கண்டது. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. ஆஸ்பத்திரியில், புரிகிறது, ஆனால் சொல் வராது என்றார்கள். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். படங்களைக் காட்டி இது பூனையா, நாயா என்று கேட்டாள். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் என்ன செய்ய? தலையணையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரம்தான் சுந்தர் கடைக்கு வந்து, மா எடுக்காமல் நேரே கல்லாவுக்கு வந்தார்.

"அக்கா, படம் கிடைச்சிடுச்சு. ஆனா..."

"என்ன ஆனா? சொல்லுங்கோ."

"சத்தம் இல்லைக்கா. அந்தக் காலத்துல படத்தையும் சத்தத்தையும் தனித்தனிச் சுருளா வெச்சிருப்பாங்க. எங்ககிட்ட படச் சுருள் மட்டும்தான் வந்திருக்கு."

"மற்றச் சுருளைத் தேட ஏலாதோ?"

"தேடிட்டோம். அயர்லாந்துக்கும் எழுதியிருக்கேன். ஆனா ரொம்ப நம்பிடாதீங்க."

உங்களுக்குக் காட்டுவதா, விடுவதா? யாரைக் கேட்பது? கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்தான். கடைசியில், இருக்கிறதையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். அது சரிதானா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஒரு பின்னேரம் சுந்தர் மடிக்கணினியோடு வார்டுக்கு வந்தார். கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, மேசையை உங்கள் நெஞ்சுக்கு நேரே இழுத்துவைத்தோம். கடற்கரை, காற்று, கறுப்புச் சால்வைப் பெண்கள். நடுவில் நீங்கள், புருவம் வரையாமல், தலைமயிர் கலைந்தபடி. அவ்வளவு வடிவாய் இருந்தீர்கள், அன்ரி. படகு வந்தது. ஆண்கள் இறங்கினார்கள். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ தேநீர் கேட்டார்கள்.

அப்போதுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்கள் உதடும் அசைந்துகொண்டிருந்தது, இழுபடாத பக்கம் மட்டும். திரையில் இருந்தவள் சொல்லச்சொல்ல நீங்களும் சொன்னீர்கள். மூச்சு மட்டும் வந்தது. நான் காதை உங்கள் வாயருகே கொண்டுபோனேன். மூச்சுத்தான், சொல் இல்லை. சுந்தர் எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றார்.

காட்சி முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. கண்ணால் கேட்டீர்கள். கேட்டதோ, பிள்ளை?

"ஓம் அன்ரி," என்றேன். "கேட்டது. வடிவாய்க் கேட்டது."

கையை விட்டீர்கள். கண்ணை மூடினீர்கள். நம்பினீர்களா? இல்லை, பாவம் இவளை ஏன் வருத்தவேண்டும் என்று விட்டீர்களா?

நீங்கள் போனபின் நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியின் மகன் அயர்லாந்திலிருந்து வந்தார். நல்ல மனிதர். அந்தக் காட்சியை அவருக்குக் காட்டி, வாயசைவைப் பார்த்து ஏதும் விளங்குகிறதா என்று கேட்டேன். திரும்பத் திரும்பப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் படித்த ஐரிஷ் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பத்திரிகை உங்களைப்பற்றிச் சின்னதாய் எழுதியது. 'மறக்கமுடியாத அந்த மென்மையான குரல்' என்று போட்டிருந்தது. அது உங்களுடைய குரல் இல்லை என்று எழுதி அனுப்பினேன். பதிலும் இல்லை, போடவும் இல்லை. உங்கள் குரல் எங்காவது மிஞ்சியிருக்குமா என்று வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்துப் பார்த்தேன். நீங்கள் இல்லை, செய்தி விடவும் என்று சொன்னது தொலைபேசிக் கம்பனி பதிந்துவைத்த ஒரு பெண்ணின் குரல். அன்றைக்கு நான் அழுத அழுகை, உங்கள் அடக்கத்தன்றுகூட அழவில்லை.

வீட்டை விற்கப் போகிறார்கள். பிழை சொல்ல முடியாது, அது அவர்களுடையதுதானே. அடுத்த மாதம் நான் வேறிடம் போகிறேன். அயர்லாந்திலிருந்து சுந்தருக்குப் பதில் வந்தது, அங்கும் இல்லையாம்.

இன்னொன்று. கடையை விட்டுவிட்டு, இப்போது ஒரு காப்புறுதிக் கம்பனியில் தொலைபேசியில் பேசும் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு கிழவர் தன் கார்க் கண்ணாடி உடைந்த கதையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார்.

"நீ அயர்லாந்தில் எந்தப் பக்கம், பிள்ளை? மேற்குக் கரையோ?"

நான் சிலோன் தமிழ் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்தவள், ஆனால் வாயில் வந்தது உங்கள் சமையலறையில்தானே. அவர் கேட்டது உங்களையா, என் பிழையான உச்சரிப்பையா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் உங்களுக்கு அதை எப்படித் திருப்பித் தருவேன்?

மேலாளருக்கு என் பேச்சில் குறை. வாடிக்கையாளருக்குத் தெளிவாக இருக்கவேண்டும் என்று, உச்சரிப்பைத் திருத்தும் வகுப்புக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். பணம் கம்பனி கட்டுமாம். எல்லோரும் நல்ல வாய்ப்பு என்கிறார்கள். திங்கட்கிழமை முடிவு சொல்லவேண்டும்.

நான் போகமாட்டேன், அன்ரி. வேலை போனாலும் போகட்டும். போகமாட்டேன்.

உங்கள் பெறாமகள்
வதனி