அதிகாரிக்கு மட்டும் தெரிந்த மேகம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனியாக ஒரு வழியில் போகிறது. அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. ராணுவ முகாமில் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள் என்று சொன்னாயே, அதனால் உனக்கு முன்னால் இதைப் படிக்கிற ஐயாவுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிடுகிறேன். அவரும் யாரோ பெற்ற பிள்ளைதானே. உறையை ஒட்டிய இடத்தில் என் கையெழுத்தைக் குறுக்காகப் போட்டிருக்கிறேன், அது கோணியிருந்தால் என் கை நடுங்கியதாக நினைக்காதே. எதிர்வீட்டுத் தையல்காரர் நீ லீவில் எப்போது வருகிறாய் என்று இரண்டு முறை கேட்டார். அவருக்குக் கல்யாண வயதில் தங்கை மகன் ஒருவன் இருப்பதால் நான் பிடி கொடுக்கவில்லை.

போன வாரம் உன் அண்ணனுக்கும் அவனோடு அந்த விமானத்தில் போன மற்ற சிப்பாய்களுக்கும் நினைவு நாள். வழக்கமாக நாங்கள் பஸ்ஸில் போய், வெயிலில் நின்று, கல்லில் அவன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவோம். இந்த வருஷம் வாசலில் கார் வந்து நின்றது. அப்போதே எனக்கு உறுத்தியது. அங்கே போனால் முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி, குடிக்க ஜூஸ், அம்மாவின் முழங்காலைக் கூட விசாரித்தார்கள், அது வலிக்கிறதென்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ. விமான மெக்கானிக்காக இருந்து அண்ணனோடு போனாரே, அவருடைய மனைவிதான் என் காதில் ஓதினாள், பெரியப்பா, இந்தத் தடவை ரொம்பப் பெரிய அதிகாரி வராராம், அதான் எல்லாத்துக்கும் பெயின்ட் அடிச்சிருக்காங்க, ஜாஸ்தி நேரம் நின்னீங்கன்னா உங்களுக்கும் அடிச்சிடுவாங்க என்று.

ஒவ்வொரு வருஷமும் பெயர்களை வாசித்து முடித்ததும் ஒரு விமானம் தாழப் பறந்து மரியாதை செலுத்தும் என்பது உனக்குத் தெரியும். அண்ணனைக் கொண்டு போன அதே ரக விமானம்தான். பிள்ளையை விழுங்கியதையே கூட்டிவந்து வணக்கம் சொல்ல வைக்கிற யோசனை யாருடையது என்று தெரியவில்லை, அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும். அம்மா ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. மைதானத்தில் அதன் நிழல் ஓடுவதை மட்டும் பார்ப்பாள், அது வேலியைத் தாண்டியதும் மூச்சு விடுவாள். இந்த முறை பெயர்களை வாசித்தார்கள், அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள், நிழல் வரவே இல்லை. ஒலிபெருக்கியில் மேகமூட்டம் காரணமாக விமான மரியாதை ரத்து என்றார்கள், மிகவும் பணிவாக.

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து, பஸ் ஏன் வரவில்லை என்று ஜனங்களுக்குக் காரணம் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். டயர் இல்லாவிட்டால் டிரைவருக்குக் காய்ச்சல் என்போம், டிரைவர் இல்லாவிட்டால் டயர் பஞ்சர் என்போம். குரல் எவ்வளவு குழைகிறதோ உள்ளே ஓட்டை அவ்வளவு பெரிது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற இளம் அதிகாரியிடம், மேகம்னு சொல்றீங்களே தம்பி, அப்ப என் நிழல் எங்கேருந்து விழுது என்று கேட்டாள். அவர் அவள் காலடியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார், அது ரொம்ப உயரத்துல இருக்கும்மா, கீழேருந்து தெரியாது என்றார். தோளில் பட்டை ஏற ஏறக் கண் பார்வையும் கூடும்போலிருக்கிறது. அண்ணன் விழுந்த அன்றைக்கும் வானிலைதான் காரணம் என்றார்கள், அன்றைக்கு அங்கே போய் அண்ணாந்து பார்க்க நம்மில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. இத்தனை வருஷம் சின்ன அதிகாரிகள் வந்தார்கள், எங்கள் தலைக்கு மேல் விமானம் தாராளமாகப் பறந்தது. பெரியவர் ஒருவர் கீழே உட்கார்ந்ததும் மேகம் வந்துவிட்டது. அந்த விமானத்தில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், கிழவனின் சந்தேகம் என்று நீ சிரிக்கலாம். ஆனால் அவர் தலைக்கு மேல் பறக்க லாயக்கில்லாததில் நீ உட்கார்ந்து வர வேண்டாம். லீவில் வருகிறவர்களை அதே ரக விமானத்தில் இலவசமாகக் கொண்டுவந்து விடுகிறார்கள், அரை நாளில் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அதைப் படித்துவிட்டு உன் கட்டிலுக்குப் புது விரிப்பு கூடப் போட்டாள். இப்போது அவளே சொல்கிறாள், ரயில்ல வரச் சொல்லுங்க, பாதி லீவு வழியிலேயே போனாப் போகட்டும், மிச்சத்துக்கு முழுசா வந்து சேரட்டும் என்று.

நர்ஸ் வேலையில் மற்றவர்களுக்குச் சொல்வதை நீயும் செய், நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. ரயிலில் ஜன்னலோரம் கேட்டு வாங்கு, பக்கத்தில் உட்காருகிறவர் கொடுக்கிற பிஸ்கட்டை வாங்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். டிக்கெட் எடுத்ததும் எழுது, அம்மா அதுவரை உன் கட்டில் பக்கம் போக மாட்டேன் என்கிறாள்.

இதை முதலில் படித்த ஐயாவுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடிதத்தை என் மகளிடம் கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். உங்களுக்கும் லீவு வரும், வீட்டில் யாராவது வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ரயிலிலேயே போங்கள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா