கதவோரத்து பேசின்

பிப்ரவரி 3

குளியலறைத் தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்துவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது, முழுக்க உடைத்துத்தான் செய்யவேண்டும். உடைப்பதுதான் உடைக்கிறோம், வாஷ் பேசினை இரண்டாக வைத்துவிடலாம் என்றேன்.

என் கணவர் சிரித்தார். "இருக்கிற இடத்துல ரெண்டு பேசின் வெச்சா, குளிக்கிறவன் ஒத்தைக் கால்ல நின்னுதான் குளிக்கணும்."

காலையில் நாலு பேருக்கும் அவசரம், அதற்காகத்தான் என்றேன்.

அது காரணம் இல்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மாமா துப்புவதுதான் காரணம்.

பிப்ரவரி 4

மாமனார் முப்பது வருடம் பஞ்சாலையில் இருந்தவர். டாக்டர் போன மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பஞ்சுத் தூசி படிஞ்ச நுரையீரல். யாருக்கும் ஒட்டாது." நானும் அறிவியல் படித்தவள்தான். ஆனாலும் காலையில் மாமா இருமித் துப்பிவிட்டுப் போனதும் பேசினைத் தேய்த்துக் கழுவி, மறுபடி கழுவி, அதற்கப்புறம்தான் பாப்பாவைப் பல் தேய்க்க நிறுத்துகிறேன்.

இன்று அவள் ஸ்டூலில் ஏறி, தாத்தா மாதிரியே முதுகை வளைத்துக் காறித் துப்பிக் காட்டினாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "என் வாரிசும்மா இவ. எழுதி வெக்க சொத்துதான் இல்ல, இருமலையாவது கொடுத்துட்டேன்."

நான் அவளை இறக்கி, வாயைக் கழுவிவிட்டேன்.

நான் ஆபீசில் இருக்கும் நேரமெல்லாம் அவளுக்குச் சோறு ஊட்டுவது மாமாவின் கைதான். அந்தக் கை மட்டும் ஆகுமா உனக்கு?

பிப்ரவரி 9

பிளம்பர் அளவெடுக்க வந்தார். டேப்பின் ஒரு முனையை மாமா பிடித்துக்கொண்டார். ஆறடிச் சுவர். பெரிய பேசின் இரண்டு நிற்காது.

"போன்ல சொன்னீங்களேம்மா, பெரியவருக்குத் தனியா வேணும்னு. அவருக்குன்னா சின்னதே போதும். கதவோரமா வெச்சிடலாம்."

டேப் முனை மாமாவின் விரலிலிருந்து நழுவிச் சரேலென்று உள்ளே சுருண்டது. அவரே மறுபடி இழுத்துப் பிடித்தார்.

"கதவோரமே வைங்க தம்பி. எனக்கும் அதான் வசதி."

என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேனா? என்ன சொல்லியிருப்பேன்?

பிப்ரவரி 10

பாப்பா மடியில் ஏறியபோது மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். முத்தம் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 12

மாமா நாத்தனார் வீட்டுக்குப் போகிறாராம். "டைல்ஸ் உடைச்சா தூசி பறக்கும், எனக்கு ஆகாதும்மா. வேலை முடியட்டும், வரேன்." டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அதனாலேயே என்னால் தடுத்துப் பேச முடியவில்லை. ஒரே பைதான் எடுத்துக்கொண்டார். அதில் அவருடைய எல்லாத் துணியும் இருந்தது.

பாப்பாவை அடுத்த தெருவில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தோம். வாசலில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு தாத்தா, தாத்தா என்று –

பிப்ரவரி 25

வேலை முடிந்தது. பளபளவென்று இருக்கிறது. சின்ன பேசினுக்கு மேலே துண்டு மாட்ட ஒரு கொக்கியும் அடிக்கச் சொன்னேன். இருமல் வந்தால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும்.

போன் செய்தேன். "இன்னும் சிமெண்ட் வாசனை இருக்கும்மா. கொஞ்ச நாள் போகட்டும்," என்றார் மாமா.

மார்ச் 11

நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. அப்பா இங்க வீட்டுக்குள்ள வாய் கொப்பளிக்கவே மாட்டேங்கறார். வெளியில செடிக்குத் தண்ணி பிடிக்கிற குழாய்க்குப் போறார். மழையிலயும் குடை பிடிச்சிட்டுப் போறார். அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னீங்களா?"

"இல்லையே," என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு இந்த 'இல்லையே'.

மார்ச் 15

முதலில் கணவரிடம் சொன்னேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் மாமாவுக்குப் போன் செய்தேன். "அவசரத்துக்கு இல்ல மாமா. நீங்க துப்புறதப் பாத்து பயந்துதான் ரெண்டு பேசின் கேட்டேன். ஒட்டாதுன்னு தெரியும். தெரிஞ்சும் கேட்டேன்." அழுகை பாதி வார்த்தையை விழுங்கிவிட்டது.

"பச்சப் புள்ள இருக்கிற வீடும்மா. பெத்தவ பயப்படத்தான் செய்வா. நீ செஞ்சது சரிதான்."

திட்டியிருக்கலாம். ரெண்டு வார்த்தை சுருக்கென்று கேட்டிருந்தால், நானும் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டிருப்பேன். சரிதான் என்று சொல்லிவிட்டவரை எதைச் சொல்லித் திரும்பி வரவைப்பது?

"எப்ப மாமா வரீங்க?"

"பாப்பா சாப்பிட்டாளா?" என்றார்.

மே 2

நாலு நாளாகக் குளியலறையில் சாக்கடை நாற்றம். புதுக் குழாயில் எப்படி? பிளம்பர் வந்து கதவோரத்து பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இதுல யாரும் புழங்கறதில்லையா? கீழ வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும்மா, அதுதான் நாத்தத்தைத் தடுக்கும். காஞ்சு போச்சு. தினமும் ஒரு மக் ஊத்துங்க, போதும்." அப்புறம், துண்டில் கையைத் துடைத்தபடி, "பெரியவர் ஊர்லேர்ந்து இன்னும் வரலியா?" என்றார்.

மே 20

இன்றும் ஒரு மக் ஊற்றினேன்.

ஜூன் 8

பாப்பா தானும் ஊற்றுவேன் என்று அடம் பிடித்தாள். மக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு வெளியில் சிந்தாமல் ஊற்றினாள். நாளையிலிருந்து அது அவள் வேலையாம்.