நான்காம் நாளே கூட்டிவந்தது

அன்பு மகள் ஹர்ஷிதாவுக்கு, அப்பா எழுதுவது. டப்ளின் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதினால் பொய். எட்டு மாதமாகப் போனில் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன்.

அம்மா சரியில்லை. மௌலா அலி குவார்ட்டர்ஸைக் காலி செய்து அல்வாலில் இந்த ஒன்பதாம் மாடிக்கு வந்ததிலிருந்து பேச்சு குறைந்தது, பிறகு சாப்பாடு, இப்போது குளிக்கவே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. தைராய்டு, சர்க்கரை, பி-ட்வெல்வ் எல்லாம் பார்த்தேன், எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டைக் காட்டி, உனக்கு ஒன்றுமில்லை, எழுந்திரு என்றேன். போன வாரம்தான் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் தெலுங்கில் கேட்டார், அம்மா வாயைத் திறப்பதற்குள் நானே பதில் சொன்னேன். நாலாவது கேள்வியில் அவர் பேனாவை மூடிவிட்டு நர்ஸ் பத்மப்ரியாவைக் கூப்பிட்டார். இங்கே திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று இந்த ஊர் உருது கலந்துதான் பேசுவாள். "ஹவ் சார், நீங்க சொன்னது போதும், இங்க நீங்க நக்கோ, வெளிய உக்காருங்க" என்று அனுப்பிவிட்டாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், உள்ளே அம்மா அவளிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். இந்த வருஷத்தில் என்னிடம் உன் அம்மா அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஆட்டோவில் வரும்போது அவளே சொன்னாள். வீடு மாறிய மாதம் கோவிந்தராஜன் மாமா இறந்தபோது, பதினாறாம் நாள் காரியம் வரை விருதுநகரில் இருக்க விடாமல், பிளாண்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை என்று நான்காம் நாளே கூட்டி வந்துவிட்டேன் இல்லையா. "கூடப் பொறந்தவனுக்கு நான் அழுது முடிக்கலைங்க, இங்க வந்து அழுதா நீங்க டிவி சத்தத்தைக் கூட்டுவீங்க" என்றாள். கூட்டினேன்தான். லீவு போடுகிறேன், இப்போதே போவோம் என்றேன். "இனிமே அங்க யாரு என்கூட உக்காந்து அழப்போறா" என்று கேட்டாள். 

மாத்திரை தொடங்கியிருக்கிறது, பலன் தெரியச் சில வாரம் ஆகுமாம். உன்னிடம் மறைத்தது என் முடிவு, அவளைக் கோபிக்காதே. நீ வேளைக்குச் சாப்பிடு, நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்கும்படி வாழு, எங்கள் ஆசீர்வாதம் என்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது இங்கிலீஷ் வேண்டாம், தப்பாக வந்தாலும் தமிழிலேயே பேசு. அம்மாவிடம் மாமாவைப் பற்றிக் கேள். அழுதால் போனை வைத்துவிடாதே, சமாதானமும் சொல்லாதே. நான் அந்த நேரம் கீழே இறங்கிப் போய்விடுவேன், இருந்தால் இடையில் பேசிவிடுவேன்.

உன் அப்பா,
ராஜீவ்