இடது இறக்கை

ஹால்வர் ஏரி, விஸ்கான்சின்
ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரெனேவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டுலூத்தில் இன்னும் பனி கொட்டுகிறதாமே. இங்கே ஏரியின் ஓரங்களில் ஐஸ் இளகிக் கறுத்துவிட்டது. ஐஸ்மேல் வைத்திருந்த மீன்பிடிக் குடிசைகளை எல்லாரும் கரைக்கு இழுத்துவிட்டார்கள். டெல்மர் மட்டும் வழக்கம்போல இழுக்கவில்லை. போன ஞாயிறு தேவாலயத்தில் யாரோ, "உன் குடிசை முங்கினா நீயும் சேந்து முங்குவியா?" என்று கேட்க, "மீன் உள்ள வந்து உக்காந்தா கதவச் சாத்திட்டு வந்துடுவேன்" என்றார்.

உனக்கு அனுப்பிய கையுறை அளவாக இருந்ததா? மீன் விருந்துக்கு எலுமிச்சை கேக் செய்து கொண்டுபோனேன். நான்கு பேர் உன்னைப் பற்றி விசாரித்தார்கள். பல் மருத்துவரிடம் வேலை, நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். எங்கள் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் கராஜ். உன் மாமனார் நார்வலுக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆனால் தன் பெயரும் கர்ட்டின் பெயரும் மட்டும் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் கேட்டுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

விமானத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீயும் கர்ட்டும் விமானத்தை நாமே கட்டிக்கொள்ளும் அந்த கிட்டை வாங்கியபோது, உங்கள் வீட்டில் இடமில்லை என்று பெட்டிகளை எங்கள் கராஜில் இறக்கினீர்கள். ஒரே ஒரு குளிர்காலம்தான் என்றான். ஐந்து குளிர்காலம் எங்கள் கார் வெளியே நின்றது. காலையில் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டே அவனைத் திட்டுவேன். கராஜ் கதவிலிருந்து தலையை நீட்டி, "உனக்குத்தாம்மா மொத சவாரி" என்பான். "எனக்குச் சவாரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் கார உள்ள விடு, போதும்" என்பேன். இப்போதும் கார் வெளியேதான் நிற்கிறது. நான் சுரண்டுகிறேன், யாரையும் திட்டுவதில்லை.

அவன் போன பிறகு நார்வல் கராஜ் பக்கமே போகவில்லை. உனக்குத் தெரியும், நீ இங்கிருந்து கிளம்பிய அன்றுகூட முன்வாசல் வழியாகத்தான் உன் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு நாள் காலையில் அங்கே விளக்கு எரிந்தது, ஹீட்டர் ஓடியது. காப்பி எடுத்துக்கொண்டு போனேன். "பையன் விட்ட எடத்துலேருந்து முடிச்சு ரெனே கையில குடுத்துடலாம்" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. பத்து மாதத்தில் அவர் தானாகச் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

தகட்டோடு தகட்டைச் சேர்க்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே நின்று ஒருவர் காற்றுச் சுத்தியலால் ஆணியின் தலையில் அடிக்க, உள்ளே கையை விட்டு இன்னொருவர் அதன் வாலில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். உன் இடத்தில் நான் நின்றேன். முதல் வாரம் முழங்கை வரை மரத்துப்போனது. இந்த வயதில் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனால் கர்ட் விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கவில்லை. முதலில் கர்ட் செய்ததைச் சரிபார்க்க வேண்டும் என்றார். வலது இறக்கையை மேசைமேல் ஏற்றி, டார்ச்சும் அளவுகோலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்தார். ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று துளையிட்டு எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தோம். மறுநாள் ஒரு வரிசை. அதற்கு மறுநாள் அடுத்த வரிசை. வாழ்நாள் முழுக்கப் பால் கறக்கும் இயந்திரத்துக்குப் பாகம் கடைந்தவர் அவர். 'பரவாயில்லை' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அதனால் எனக்கும் முதலில் சந்தேகம் வரவில்லை. பிப்ரவரியில்தான் கவனித்தேன். நேராக இருந்தவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

டெல்மரை வரச் சொன்னேன். சொந்தமாக இரண்டு விமானம் கட்டிப் பறந்தவர், விமானம் கட்டுபவர்கள் சங்கத்தில் யார் கட்டினாலும் போய்ப் பார்த்துச் சொல்பவர். அவர் சொன்னால் நார்வல் கேட்பார் என்று நினைத்தேன். டெல்மர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கர்ட் அடித்து மிச்சமிருந்த வரிசையை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாருப்பா இது நல்லா இல்லன்னு சொன்னது? என் ரெண்டாவது பிளேன்ல இருக்கறதப் பாத்தா நீ மயக்கம் போட்டுடுவ. ரெண்டு மூணு கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நோண்டுனா ஓட்டை பெருசாகும் நார்வல். மோசமான ரிவெட்ட விட மோசம், அத எடுக்கறேன்னு போற ஆளு."

"எனக்குத் துளை போடத் தெரியும்."

"தெரியும்டா. உன்ன விட நல்லா யாருக்கும் தெரியாது. அதனாலதான் கையக் கட்டிட்டு நில்லுங்கறேன்."

நார்வல் சிரிக்கவில்லை. அன்று மாலையே இன்னொரு வரிசையை எடுத்தார்.

டெல்மர் சொன்னதுதான் நடந்தது. துளைகள் பெரிதாகின. பெரிய ரிவெட் போட்டார். அதையும் எடுத்தார், அதற்கும் பெரியது போட்டார். மார்ச் நடுவில் ஒரு நாள், இறக்கையின் நீளம் முழுக்க ஓடுகிற அந்த முதுகெலும்புச் சட்டத்துக்குள் துளைமுனை சறுக்கி இறங்கிவிட்டது. அடுத்த ரிவெட்டுக்காகக் கட்டியோடு உள்ளே காத்திருந்த என் விரலுக்கு அது தெரிந்தது. மறுபடியும் டெல்மர் வந்தார். இந்த முறை வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "இந்த றெக்கைய வச்சு யாரும் பறக்க முடியாதுப்பா" என்றார். நார்வல் தலையசைத்தார், ஏதோ தனக்கு முன்பே தெரிந்ததைக் கேட்டதுபோல. பிறகு டெல்மரிடம், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாற்பது வருட நட்பு, ரெனே.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அன்று இரவு சாப்பாட்டு மேசையில் கேட்டேன். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே இருந்தார். "அவன் இதுல ஏறிப் பறந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாரு" என்றார்.

அவன் போனது விமானத்தால் இல்லையே. கர்ட் சாலையோரம் நிறுத்தி, பள்ளத்தில் இறங்கிய யாரோ ஒருத்தியின் காரை வெளியே எடுக்க உதவிக்கொண்டிருந்தான். லாரி சறுக்கி வந்தது. அந்த இளம் போலீஸ்காரர் நம் சமையலறையில் நின்றபோது நீயும் இருந்தாய். லாரியில் பிரேக் எப்படி, டயர் எப்படி, போல்ட் எப்படி என்று நார்வல் திரும்பத் திரும்பக் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "எல்லாம் சரியாத்தான் சார் இருந்துது. ஐஸ், அவ்வளவுதான். யார் மேலயும் தப்பில்ல" என்றான் அந்தப் பையன், அழுதுவிடுவான் போல. அன்றிலிருந்து அவர் தப்பைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும், இடது இறக்கையை மேசைக்கு ஏற்ற வேண்டும், ஒரு முனையைப் பிடி என்றார். பிடித்தேன். உடை மாற்றக்கூட இல்லை. அதை மேசையில் வைத்த பிறகுதான் எது என்று எனக்கு உறைத்தது.

அது ஒன்றுதான் முழுக்க முழுக்க நீயும் கர்ட்டும் மட்டும் அடித்தது. அதை அடித்த வசந்தகாலம் முழுக்க நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறேன். "ரெடியா?" என்பான். "அடி!" என்பாய். "போதுமா?" "இன்னொண்ணு." "இப்ப?" "போதும், போதும், அப்பளமாக்கிட்ட! கண்ண எங்க வச்சிருந்த?" "நீதான் கட்டியக் கோணலாப் புடிச்ச, உங்கப்பா கார் ஓட்டற மாதிரி." "எங்கப்பாவ இழுத்த, நீயே ரெண்டு பக்கமும் நின்னு அடிச்சுக்க." பிறகு இரண்டு பேரும் சிரிப்பீர்கள். எனக்குப் பாத்திரம் கழுவி முடிந்திருக்கும். இருந்தாலும் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றிருக்கிறேன்.

நானும் நார்வலும் வேலை செய்யும்போது பேசுவதில்லை. அவர் ஒரு தட்டுத் தட்டினால் தயார் என்று பொருள்.

ஞாயிறு அன்று நான் இரும்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். இதற்கு நான் பிடிக்க மாட்டேன் என்று சொன்னேன். ஐம்பது வருடத்தில் அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது குறைவு. அவர் கோபப்படவில்லை. "பரவால்ல ஆர்டிஸ். அடிக்கத்தான் ரெண்டு பேர் வேணும். எடுக்க ஒரு ஆளு போதும்" என்றார். மேலே நான் அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை என்று எழுதினேன். அன்று கேட்டேன்.

நேற்று அதன்மேல் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, எல்லாவற்றுக்கும் குறி. புதிய துளைமுனைகள் வரவழைத்திருக்கிறார், இந்த வாரக் கடைசியில் வந்துவிடும். அவை வந்ததும் தொடங்கிவிடுவார். நான் அவரைத் தடுக்க முடியாது. கராஜைப் பூட்டினால் உடைப்பார். அதைவிட, பூட்டியவள் நான் என்று என்னைப் பார்ப்பாரே, அதை நான் தாங்க மாட்டேன்.

ஆனால் அந்த விமானம் உன்னுடையது. அதை அவர் மறக்கவே இல்லை. "ரெனே வந்து கேட்டா அந்த நிமிஷமே தூக்கிக் குடுத்துடுவேன். ஆனா பத்திரமா இருக்கற றெக்கையாக் குடுக்கணும்" என்று நேற்றும் சொன்னார். நீ கேட்டால் கொடுப்பார். எனக்காகக் கேள். சனிக்கிழமைக்குள் வந்து இடது இறக்கையை எடுத்துக்கொண்டு போய்விடு. டெல்மர் தன் டிரெய்லரைத் தருகிறேன் என்கிறார், சாலை முனையிலேயே காத்திருப்பார். அதை நீ என்ன செய்வாய் என்று நான் கேட்கவே மாட்டேன். விற்றுவிடு, கொட்டகையில் தொங்கவிடு, யாருக்காவது கொடு. இந்த வீட்டில் மட்டும் வேண்டாம். அவருக்குக் கையை வைக்க வேறு எதையாவது நான் கண்டுபிடிக்கிறேன். டெல்மரின் குடிசை முங்கினால் அதைத் தூக்க ஆள் வேண்டியிருக்கும்.

இன்னொன்று. டெல்மரின் மனைவியின் தங்கை டுலூத்தில் ஒரு பெயின்ட் கடையில் உன்னைப் பார்த்தாளாம். கூட ஒருவர் இருந்தாராம். உயரமானவர், சுவருக்கு எந்த மஞ்சள் என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்களாம். அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும்தான் சொன்னாள். கேட்டபோது முதலில் எனக்குச் சந்தோஷமாக இல்லை, பொய் சொல்ல மாட்டேன். மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைத்தபோது, நீ கடையில் நின்று சண்டை போட்டதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த இறக்கை கனம் அதிகமில்லை, ஆனால் ரொம்ப நீளம். ஒரு ஆளால் வாசலில் திருப்ப முடியாது. நார்வலின் முதுகு போய்விட்டது, டெல்மர் வீட்டுக்குள் வர மாட்டார். அதனால் அந்த உயரமானவரையும் கூட்டிக்கொண்டு வா. நார்வலிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ எதற்கும் தலைகுனிந்துகொண்டு இந்த வாசலுக்கு வராதே. மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உன்னோடு வருகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தால் செய்து வைக்கிறேன், டெல்மர் வீட்டுக்குப் போன் செய்து ஒரு வரி சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. மிக நன்றாக.

உன் மாமியார்,
ஆர்டிஸ்