பத்து வரை எண்ணியவர்

கணவன் வேலை முடிந்து வருவதற்குள் தாட்சாயினி அவனுக்கு ஒரு சீட்டு எழுதினாள். வீங்கிய விரல்களில் பேனா நிற்கவில்லை.

"இஞ்சாருங்கோ, சோறும் மீன்குழம்பும் பிரிட்ஜுக்குள்ள இருக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ. குசினிக்குள்ள செருப்போட நடவுங்கோ, உடைஞ்ச கண்ணாடி இன்னும் கிடக்கு.

கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்லி கவுன்சிலிங்கில சொன்னவை. நேற்று நீங்கள் எண்ணினீங்கள்தான். என்ர தலைமயிரைப் பிடிச்சு, சுவரோட ஒவ்வொரு அடியா அடிச்சு எண்ணினீங்கள். வெளியில போய்க் கொஞ்சம் நடக்கவும் சொன்னவை. நீங்கள் போகேல்லை. அதால நான் போறன். வில்லரேயில அக்கா வீட்டில நிற்பன். அங்க வராதேங்கோ. வந்தால் பொலிசைக் கூப்பிடுவன்."

'பிரஷர் குளிசையை மறக்காமல் போடுங்கோ' என்று எழுதி, உடனே அதை வெட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெட்டியதன் கீழேயே அதைத் திரும்ப எழுதினாள்.

கார்டெரி என்னும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் மகள் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தாட்சாயினி அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சீட்டின் அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நேற்றுப் பிள்ளை மேசைக்குக் கீழ ஒளிச்சிருந்து உங்களோட சேர்ந்து எண்ணினவள். கார்டெரியில படிச்ச பிரெஞ்சில. ஒரு எண்கூடப் பிழை விடேல்லை."